போனை நீட்டினால் வாய் மூடும் ஆச்சி

பதிலைப் படிப்பவர்களுக்காகக் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் மும்பை முலுண்டில் வசிக்கும் ஒரு பெண்மணி. அவருடைய மாமியாருக்கு 83 வயது. பூர்விகம் திருநெல்வேலிப் பக்கம் என்றாலும் பிறந்தது, வளர்ந்தது, வாழ்க்கைப்பட்டது எல்லாம் தாராவி. பேரப்பிள்ளைகள் இருவர்: ஒன்பது வயதுப் பெண், பதினான்கு வயதுப் பையன். தமிழ் காதில் விழுந்தால் இருவருக்கும் புரிகிறது, வாயில் வருவதில்லை. ஆச்சியின் பழங்கதைகளைப் பதிவு செய்து பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும் என்று ஆசை. போனை நீட்டினால் ஆச்சி, "சொல்வதற்கு என்ன இருக்கிறது?" என்று வாயை மூடிக்கொள்கிறார். மூடாத நேரத்தில் சொல்வதும் ஒன்றுக்கொன்று இடிக்கிறது; 1944இல் நடந்த துறைமுக வெடிவிபத்தைக் கண்ணால் பார்த்ததாகச் சொல்கிறார். அண்மையில் கொஞ்சம் மறதியும் தெரிகிறது. எந்தச் செயலியில் பதிவு செய்யலாம், அவர் சொல்வதில் எதை நம்பலாம், இப்படிப் பேசவைத்தால் மறதிக்கு நல்லதா என்பவை அவருடைய மூன்று கேள்விகள்.

கேட்டது செயலியின் பெயரை. ஆனால் மனத்தில் இருப்பது வேறு என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரே கூடத்தில் உட்கார்ந்திருக்கும் மூன்று தலைமுறைக்கும் பொதுவாக ஒரு பேச்சு இல்லாமல் போய்விட்டதே, இனிமேல் முடியுமா, காலம் கடந்துவிட்டதா என்பதுதான் அது. அந்தக் கேள்விக்கே பதில் சொல்கிறேன். நான் படித்தது உளவியல், சோறு போட்டது ஒரு கல்லூரி நூலகம். இருபது ஆண்டுகளுக்கு மேலாக மாட்டுங்கா, சயான் கோலிவாடா, தாராவி, செம்பூர் என்று அலைந்து முதியவர்களின் பேச்சைப் பதிவு செய்து எழுதி வைத்து வருகிறேன். மருத்துவன் அல்லன், மறதி பற்றிக் கீழே சொல்லப்போவதை அந்த அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

"சொல்வதற்கு என்ன இருக்கிறது?" என்பதை மறுப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் அதை உண்மையாகவே நம்புகிறார். பேட்டி என்பது தலைவர்களிடமும் நடிகர்களிடமும் எடுப்பது. விடியற்காலை நாலு மணிக்குப் பொதுக்குழாயில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வந்து அடுப்பு மூட்டியதை யாராவது கதை என்று சொல்வார்களா? போன் முகத்துக்கு நேரே வந்ததும், தன்னிடம் இல்லாத ஏதோ ஒரு பெரிய விஷயத்தை மருமகள் கேட்கிறாள் என்று அவர் கூசிப்போகிறார்.

இந்தப் பாடத்தை நான் ஒரு துணிக்கொடியில் கற்றேன். தொடக்க காலத்தில் நாற்பது கேள்விகளைத் தட்டச்சு செய்து கையில் வைத்துக்கொண்டு போவேன். தாராவியில் ஒரு வயதான அம்மாவிடம், "சுதந்திரம் கிடைத்த அன்று என்ன செய்தீர்கள்?" என்று கேட்டேன். "துணி துவைத்தேன்" என்றார். நான் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு ஐந்தாம் கேள்விக்குப் போய்விட்டேன். வீட்டுக்கு வந்து ஒலிநாடாவைக் கேட்டபோதுதான் என் மடத்தனம் உறைத்தது. அது ஆகஸ்ட் மாதம். பம்பாய் மழை. பத்துக்குப் பத்து அறையில் எட்டுப் பேர். துவைத்த துணி எங்கே காய்ந்திருக்கும்? அந்த ஒன்றைக் கேட்டிருந்தால் அடுப்புக்கு மேலே கட்டிய கொடி, ஈர வாடை, ஒரே சட்டையை மாற்றி மாற்றிப் போட்ட அண்ணன் தம்பி என்று ஒரு மணி நேரம் ஓடியிருக்கும். பெரிய கேள்வியைக் கேட்டு ஒற்றை வரியை வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஆகவே "உங்கள் இளமைக்காலத்தைப் பற்றிச் சொல்லுங்கள் அத்தை" என்று தொடங்காதீர்கள். குழாயில் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், உங்கள் வீட்டுக் குடம் எது என்று எப்படி அடையாளம் தெரியும், ஆரே பால் பூத்தில் பாட்டில் வாங்க யார் போவார்கள், காலி பாட்டில் உடைந்துபோனால் வீட்டில் என்ன நடக்கும் என்று கேளுங்கள். அதையும் எதிரே உட்கார்ந்து கேட்க வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து, கையில் ஏதாவது வேலையோடு கேளுங்கள். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கும் கை, பேட்டி கொடுக்கிறோம் என்பதை மறந்துவிடும். பரணில் கிடக்கும் முறுக்கு அச்சு, எவர்சில்வருக்கு முன்னால் இருந்த அலுமினியத் தூக்குச்சட்டி, பழைய ரேஷன் கார்டு, இவற்றில் ஒன்றை இறக்கி முன்னால் வையுங்கள். தாராவித் தமிழ்ப் பெண்கள் பலர் முறுக்குப் பிழிந்தும் இட்லி அவித்தும் குடும்பம் நடத்தியவர்கள். உங்கள் மாமியார் வீட்டில் அந்தத் தொழில் இருந்ததோ இல்லையோ, பக்கத்து வீட்டில் இருந்திருக்கும். அச்சைக் கையில் கொடுத்தால் மாவின் பதம் பற்றிய பேச்சு முதலில் வரும். அது முடிவதற்குள் மாவு கடன் கொடுத்தவள் வருவாள்.

எந்த வயதுக் காலத்தைக் கேட்பது என்பதற்கு ஓரளவு உறுதியான ஆராய்ச்சி இருக்கிறது. நாற்பதைக் கடந்த யாரிடம் கேட்டாலும், நினைவுகள் பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடையில்தான் அடர்ந்து கிடக்கின்றன. பல நாடுகளில் திரும்பத் திரும்பக் கண்டது இது. காரணம் பற்றித்தான் கருத்து வேறுபாடு: முதல் அனுபவங்கள் ஆழமாகப் பதிகின்றன என்பார்கள் சிலர், 'நான் யார்' என்பது உருவாகும் பருவம் என்பதால் என்பார்கள் சிலர். உங்கள் மாமியார் கணக்கில் அது ஏறக்குறைய 1952 முதல் 1972 வரை. தோண்ட வேண்டிய இடம் அது.

இனித் தேதிகள். ஆண்டைக் கேட்காதீர்கள், ஆண்டு நினைவில் நிற்பதில்லை, ஆண்டுக்குப் பக்கத்தில் நின்ற பொருள் நிற்கிறது. அப்போது அணாக் கணக்கா, நயா பைசாவா என்று கேட்டால், 1957 ஏப்ரலுக்கு முன்னா பின்னா என்பது தெரிந்துவிடும். டிராமில் போனீர்களா என்றால், பம்பாயின் கடைசி டிராம் ஓடியது 1964 மார்ச் 31. போர் இருட்டடிப்பில் ஜன்னலுக்குக் காகிதம் ஒட்டியபோது கைக்குழந்தை யார் என்று கேட்டால் 1971 டிசம்பரோ அதற்கு முந்திய 1965ஆம் ஆண்டுப் போரோ சிக்கும். டெலிவிஷன் பம்பாய்க்கு வந்தது 1972 அக்டோபர் 2. பஞ்சாலை வேலைநிறுத்தம் தொடங்கியது 1982 ஜனவரியில். மும்பையை மூழ்கடித்த 2005 ஜூலை 26 மழையைப் பற்றி நீங்களே சொல்வீர்கள். இப்படி நாலைந்து முளைகளை அடித்துவிட்டால் குடும்பத்துப் பிறப்பு, இறப்பு, வீடு மாறியது எல்லாவற்றையும் நடுவில் கயிறு கட்டி நிறுத்திவிடலாம்.

ஆனால் அந்த முளைகளை எடுத்து அவர் தலையில் அடிக்கக் கூடாது. நான் அடித்தேன். என் அத்தை ஒரு நாள், "1967இல் டிராம் டெர்மினஸில் இறங்கி நடந்தே வந்தேன்" என்று ஏதோ சொல்லத் தொடங்கினார். நான் குறுக்கே புகுந்து, டிராம் 1964லேயே நின்றுவிட்டதே என்றேன். எல்லாம் உனக்குத்தான் தெரியுமே, நீயே சொல்லிக்கொள் என்று எழுந்துபோனவர், பிறகு கருவியின் முன்னால் உட்காரவே இல்லை. அவர் போய்ச்சேர்ந்து சில ஆண்டுகளுக்குப் பிறகு பஸ்ஸில் போகும்போது, நடத்துநர் "டி.டி., டி.டி." என்று கூவியது காதில் விழுந்தது. தாதர் டி.டி. என்றாலே டிராம் டெர்மினஸ்தான். டிராம் போய் அறுபது ஆண்டுகள் ஆகின்றன, இடத்தின் பெயர் போகவில்லை. அத்தை சொன்னது இடத்தை. பஸ்ஸில் வந்து அங்கே இறங்கியிருக்கிறார். எங்கே நடந்து வந்தார், ஏன் தனியாக வந்தார் என்பது அவரோடு போய்விட்டது. சரியான தகவல் என் கையில் இருந்தது. அதை வைத்தே கதையைக் கொன்றேன்.

துறைமுக வெடிப்புக்கு வருகிறேன். 1944 ஏப்ரல் 14 பிற்பகலில் விக்டோரியா டாக்கில் நின்ற 'ஃபோர்ட் ஸ்டிகின்' என்ற கப்பல் வெடித்தது. பஞ்சுப் பொதி, வெடிமருந்து, தங்கக் கட்டி மூன்றையும் ஒரே கப்பலில் ஏற்றியிருந்தார்கள். பஞ்சில் தீப்பிடித்து வெடிமருந்துக்குப் பரவியது. நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள், ஆயிரக்கணக்கானோர் வீடிழந்தார்கள், தங்கக் கட்டிகள் வெகுதூரம் சிதறி விழுந்தன. இவ்வளவும் பதிவான செய்தி. சத்தம் தாராவி வரை கேட்டிருக்கும் என்பதிலும் எனக்கு ஐயமில்லை. ஆனால் இன்று 83 வயது என்றால் அன்று உங்கள் மாமியாருக்கு இரண்டு வயதுகூட நிறைந்திருக்குமா என்பது ஐயம். மூன்று வயதுக்கு முந்தியவை பெரும்பாலும் யாருக்கும் நினைவில் தங்குவதில்லை. ஆக அவர் பார்க்கவில்லை என்றே கொள்ளலாம். பொய் சொல்கிறாரா என்றால் இல்லவே இல்லை. அவருடைய அம்மா அதைப் பலமுறை சொல்லியிருப்பார். இடுப்பில் உன்னைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன் என்று சொல்லியிருப்பார். கேட்டுக் கேட்டு மகளின் கண்ணுக்குள் அது காட்சியாகிவிட்டது. நீங்கள் இன்று உங்கள் பிள்ளைகளுக்கு நடக்க வேண்டும் என்று ஆசைப்படுவது, ஒரு தலைமுறைக்கு முன்னால் அந்த வீட்டில் அவ்வளவு கச்சிதமாக நடந்திருக்கிறது. அவரைத் திருத்த வேண்டாம். "உங்கள் அம்மா அப்போது என்ன செய்துகொண்டிருந்தார்களாம்?" என்று கேளுங்கள். கதை அதற்கு உரியவரிடம் தானாகப் போய்ச் சேரும்.

இது முதுமையின் குறைபாடும் அன்று. 1986இல் சாலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள், உல்ரிக் நைசர் என்ற உளவியலாளர் தம் மாணவர்களிடம் செய்தியை எங்கே, யாரிடம் கேட்டீர்கள் என்று எழுதி வாங்கி வைத்தார். இரண்டரை ஆண்டு கழித்து மறுபடி கேட்டபோது, கால்வாசிப் பேர் முக்கிய விவரங்கள் எல்லாவற்றிலும் தவறினார்கள். இருபது வயது இளைஞர்கள். தவறியவர்களில் பலர் தாங்கள் சொல்வதே சரி என்று உறுதியாகவும் இருந்தார்கள். எனவே நான் செய்வது இதுதான்: ஒரு நோட்டில் இடப்பக்கம் அவர் சொன்னது சொன்னபடி, வலப்பக்கம் நான் சரிபார்த்தது. இடப்பக்கத்தில் கை வைப்பதே இல்லை. இரண்டும் இடித்தால் இடிக்கட்டும். பொதுவாகச் சொன்னால், வழக்கமாக நடந்ததை முதியவர்கள் நன்றாகச் சொல்கிறார்கள். என்ன சாப்பிட்டோம், எப்படித் தூங்கினோம், யார் யாரை என்ன முறை சொல்லிக் கூப்பிட்டோம் என்பவற்றை நம்பலாம். ஒரே ஒரு முறை நடந்ததும் பலமுறை சொல்லப்பட்டதுமான கதை, சொல்லச் சொல்லப் பளபளப்பாகிவிடும். அங்கேதான் சற்று எச்சரிக்கை வேண்டும்.

மொழி பற்றி நீங்கள் பெரிதாக வருந்தியிருந்தீர்கள். உங்கள் மாமியார் எண்பது ஆண்டு தாராவியில் வாழ்ந்தவர். அவருக்கு இந்தி தெரியாது என்றா சொல்கிறீர்கள்? காய்கறிக்காரரிடமும் ரேஷன் கடையிலும் சண்டை போட்ட இந்தி இருக்கும். பேத்தியிடம் அந்த இந்தியில் சொல்லட்டும், இடையிடையே தமிழ்ச் சொல் வந்து விழும், குழந்தை அதைப் பிடித்துக்கொள்ளும். தமிழில்தான் சொல்ல வேண்டும் என்று விதி போட்டால் தமிழும் போகும், கதையும் போகும். முழுத் தமிழில் வேண்டும் என்றால் வேறு வழி இருக்கிறது: அவரோடு பழைய சாலில் (ஒற்றை அறை வீடுகள் வரிசையாக இருக்கும் குடியிருப்பில்) குடியிருந்த தோழி ஒருவரை ஒரு நாள் சாப்பாட்டுக்குக் கூப்பிடுங்கள். பொங்கல் நாளாக இருந்தால் நல்லது. தெருவில் வரிசையாகப் பானை வைத்த பேச்சு தானாக வரும். இருவரையும் உட்காரவைத்துவிட்டு நீங்கள் அடுக்களைக்குப் போய்விடுங்கள். ஒருவர் சொல்வதை மற்றவர் மறுப்பார், பெயரைத் திருத்துவார், நீங்கள் கேட்டிருக்கவே முடியாத வம்பு ஒன்று வெளியே வரும். என்னிடம் இருப்பவற்றில் ஆகச் சிறந்த பதிவுகள், நான் அறையில் இல்லாதபோது எடுத்தவை. பதிவு ஓடுகிறது என்பதை மட்டும் இருவரிடமும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

பேத்தியைக் கேள்வி கேட்க விடுங்கள். பெரியவர்களுக்கு விடை தெரிந்ததுபோல் ஒரு பாவனை உண்டு, ஒன்பது வயதுக்கு அது கிடையாது. "ஏன் வீட்டுக்குள்ளேயே குழாய் வைத்துக்கொள்ளவில்லை?" என்று அவளால்தான் கேட்க முடியும். அதேபோல் ஒருவழிப் பாதையாக ஆக்கிவிடாதீர்கள்: அவள் தன் பள்ளிப் பேருந்தில் யார் பக்கத்தில் உட்காருகிறாள் என்பதை ஆச்சிக்குச் சொல்லட்டும். வாங்கிக்கொண்டே இருப்பவரிடம் யாருக்கும் கொடுக்கத் தோன்றாது.

குடும்பக் கதை தெரிந்த பிள்ளைகள் மனவலிமையோடு வளர்கிறார்கள் என்று வாட்ஸாப்பில் ஒரு செய்தி சுற்றிக்கொண்டிருக்கிறது. அதன் மூலம் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் மார்ஷல் டியூக்கும் ராபின் ஃபிவுஷும் செய்த ஆய்வு. தாத்தா பாட்டி எங்கே வளர்ந்தார்கள், பெற்றோர் எப்படிச் சந்தித்தார்கள் என்பதுபோல் இருபது கேள்விகள். விடை அதிகம் தெரிந்த பிள்ளைகளுக்குத் தன்னம்பிக்கையும் அதிகமாக இருந்தது உண்மை. ஆனால் விடையை மனப்பாடம் செய்யவைத்தால் தன்னம்பிக்கை வரும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை; ஆய்வாளர்களே அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றிருக்கிறார்கள். சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும் வீட்டில் கதையும் இருக்கும், பிள்ளையும் தெம்பாக இருக்கும். எதனால் எது என்று பிரித்துச் சொல்வது கடினம். பலனுக்காகச் செய்தால் அது இன்னொரு டியூஷன் ஆகிவிடும்.

மறதிக்கு இது மருந்தா? இல்லை. நினைவுகளைப் பேசவைக்கும் சிகிச்சை முறை ஒன்று உண்டு. மறதிநோய் உள்ளவர்களிடம் அதைச் சோதித்த ஆய்வுகளையெல்லாம் திரட்டி 2018இல் காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு மதிப்பீட்டு அமைப்பு வெளியிட்ட அறிக்கை, பலன்கள் சிறியவை, இடத்துக்கு இடம் மாறுபடுபவை என்றே முடித்தது. பேசும் அந்த நேரம் மகிழ்ச்சியாகக் கழியலாம். நோய் பின்வாங்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. மறதி புதிதாகத் தெரிகிறது என்கிறீர்கள், முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். தைராய்டு, பி12 குறைபாடு, சில மாத்திரைகள், காது மந்தம் ஆகியவையும் மறதிபோல் தோன்றச் செய்யும். வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று: "ஞாபகம் இருக்கிறதா?" என்ற சொல்லை விட்டுவிடுங்கள். அது தேர்வு. தோற்றுவிடுவோமோ என்ற பயத்தில் தெரிந்ததும் வராது. புகைப்படத்தைக் காட்டி இது யார் என்று கேட்பதைவிட, "இந்தப் புடவைக் கரை நன்றாக இருக்கிறதே" என்று தொடங்கலாம்.

சில கதவுகளை அவர் திறக்க மாட்டார். பிறந்து இறந்த குழந்தை, சாதியால் பட்டது, அறுபதுகளின் பிற்பகுதியில் தென்னிந்தியர்களுக்கு எதிராகக் கிளம்பிய கலவரம், 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் நடந்த மதக் கலவரங்கள். நிறுத்தச் சொன்னால் கருவியை நிறுத்துங்கள், நிறுத்திவிட்டதை அவர் கண் முன்னே காட்டுங்கள். அழுதால் தேற்றுவதற்கு அவசரப்பட வேண்டாம், தண்ணீர் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இருங்கள். அவர் கேட்டுச் சம்மதிக்காமல் எதையும் குடும்பக் குழுவில் போடாதீர்கள். ஒரு நாத்தனார் பெயர் வெளியே வந்தாலே போதும், அடுத்த வாரம் பதிவும் இருக்காது, உறவும் இருக்காது.

செயலிக்கு வருகிறேன், கடைசியில்தான். போனில் ஏற்கெனவே இருக்கும் ஒலிப்பதிவுச் செயலி போதும். வீடியோ வேண்டாம் என்பது என் பிடிவாதம். கேமராவைப் பார்த்தால் தலைவாரப் போய்விடுவார்கள். போனை விமானப் பயன்முறையில் போட்டு, மடித்த துண்டின் மேல் வைத்து, அவருக்கு ஒரு முழ தூரத்தில் விட்டுவிடுங்கள். மின்விசிறியை நிறுத்த முடியாவிட்டால் வேகத்தையாவது குறையுங்கள். செயலியின் அமைப்புகளில், ஒலியைச் சுருக்காத வேவ் (WAV) என்ற கோப்பு வடிவம் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். ஒற்றைத் தடத்தில் (மோனோ) ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 300 எம்பி பிடிக்கும், இன்றைக்கு அது ஒன்றுமில்லை. வாட்ஸாப் குரல்செய்தியை மூலப்பிரதியாக நம்பாதீர்கள். ஒலி சுருங்கிவிடும், போன் மாறினால் காணாமலும் போகும். மூன்று படி வைத்துக்கொள்ளுங்கள், ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும். பழைய புகைப்படங்கள் ஒட்டும் பக்கங்கள் கொண்ட ஆல்பத்தில் இருந்தால், அந்தப் பசை படத்தைத் தின்றுகொண்டிருக்கிறது என்று பொருள். இழுத்துப் பிய்க்காமல், இருக்கும் நிலையிலேயே ஜன்னல் வெளிச்சத்தில் ஃபிளாஷ் இல்லாமல் படம் எடுத்துவிடுங்கள்.

மூத்த பையனுக்கு ஆர்வமே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். பதினான்கு வயதில் எனக்கும் இல்லை. அவனைக் கேட்க வற்புறுத்தாதீர்கள், இந்தக் கோப்புகளுக்குப் பெயரிடும் வேலையை மட்டும் கொடுங்கள்: முதலில் ஆண்டு, மாதம், நாள், பிறகு எதைப் பற்றிய பேச்சு என்று இரண்டு சொல். பெயர் வைக்க வேண்டுமானால் கொஞ்சமாவது கேட்டுப் பார்த்தாக வேண்டும். புரியாத சொல் வந்தால் ஆச்சியிடம்தான் போக வேண்டியிருக்கும். நீங்கள் அர்த்தம் சொல்லிக்கொடுத்துவிடாதீர்கள்.